சின்ன மாமாவின் துறைமுகத்துக்கு ஒரு கப்பல்

அடுத்த ஜூனில் நோர்வேயின் கரையோரமாக வடக்கே போகிறோம். இலண்டனிலிருந்து அம்மாவும் நானும், ஒஸ்லோவிலிருந்து சின்ன மாமாவும். அம்மாவுக்கும் எனக்கும் இது முதல் கப்பல் பயணம். மாமாவுக்கு அப்படியல்ல. 1987இல் இதே கப்பல் வழியில், ஒரு பெட்டியோடு பொட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் போய் இறங்கியவர் அவர். அங்கே மீன் தொழிற்சாலையில் பல வருடம் வேலை செய்துவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவேயில்லை. திட்டம் முழுவதையும் அந்த ஒரு ஊரை வைத்துத்தான் போட்டேன்.

கப்பல் பயணம் என்றதும் எல்லோரும் முதலில் காட்டுவது சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்படும் பெரிய சுற்றுலாக் கப்பல்களைத்தான். விமானம் தேவையில்லை, பெட்டி தூக்கும் வேலையும் குறைவு, இரவில் பாட்டும் கூத்தும் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கானவர்களை ஏற்றிக்கொண்டு நாலைந்து பெயர் பெற்ற இடங்களில் மட்டும் நிற்கும் கப்பலில் போனால் அந்தக் கரையில் சனம் எப்படி வாழ்கிறது என்பது தெரியாது. பொட்ஸ்பியோர்டும் அவற்றின் பாதையில் இல்லை.

நான் எடுத்தது ஹூர்ட்டிகுருட்டன் எனப்படும் கரையோரக் கப்பல் சேவை. 1893 ஜூலையில் ரிச்சர்ட் வித் என்ற கப்டன் ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து ஹமர்ஃபெஸ்டுக்கு 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பலை ஓட்டித் தொடங்கிய வழி இது. பாறைகளும் தீவுகளும் நிறைந்த அந்தக் கரையில், வெளிச்சவீடுகளும் நல்ல வரைபடங்களும் குறைவாக இருந்த காலத்தில், இருண்ட குளிர்காலத்திலும் நேரம் தவறாமல் ஓட முடியாது என்றுதான் பலர் சொன்னார்களாம். இன்றைக்கு அது தெற்கே பேர்கனிலிருந்து ரஷ்ய எல்லைக்குப் பக்கத்திலுள்ள கிர்கெனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொட்டுப் போகிறது. 2021இலிருந்து ஹவிலா என்ற இன்னொரு கம்பனியும் இதே வழியில் கப்பல் விடுகிறது. சுற்றுலாக்காரரோடு, அடுத்த ஊருக்கு வைத்தியரிடம் போகிறவரும் வீடு திரும்பும் மாணவரும் ஏறி இறங்குவார்கள். கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாகப் பலகைத் தட்டுகளில் சரக்கு உள்ளே போகும், வெளியே வரும். அந்த வேலையைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.

சரி, இதிலுள்ள சிக்கலுக்கு வருகிறேன். நேர அட்டவணையைப் படிக்காமல் இந்தக் கப்பலில் இடம் பிடிக்கவே கூடாது. கப்பல் இரவும் பகலும் ஓடுகிறது. வடக்கே போகும்போது இரவில் தொடும் ஊர்களைத் திரும்பி வரும்போது பெரும்பாலும் பகலில் தொடும், பகலில் பார்த்தவற்றை இரவில் தாண்டும். எல்லோரும் வாங்குவது பேர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரையான ஏழு நாள் பயணம். அதில் பொட்ஸ்பியோர்ட் வருவது நள்ளிரவு தாண்டி. மாமாவிடம் சொன்னேன். "பிள்ளை, நடுச்சாமத்திலே சனமெல்லாம் படுத்திருக்கும். நான் ஆரைப் பாக்கிறது?" என்றார். நியாயமான கேள்வி.

திரும்பி வரும் கப்பல் அதே ஊரை மாலையில் தொடுகிறது. ஆகவே கிர்கெனெஸில் இறங்கி விமானம் ஏறாமல், அதே கப்பலிலேயே ட்ரொம்சோ வரை தெற்கே திரும்பி வருவதாகப் பதிவு செய்தேன். முழுச் சுற்று 12 நாள். அவ்வளவுக்கு அம்மாவின் முழங்காலும் என் லீவும் இடம் தரா. ட்ரொம்சோவில் விமான நிலையம் இருக்கிறது, அங்கிருந்து ஒஸ்லோ வந்துவிடலாம். இப்படிச் செய்வதில் இன்னொரு லாபமும் உண்டு. கிர்கெனெஸிலிருந்து கிளம்பிய அன்று பிற்பகலே வர்தோவில் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் கிடைக்கும். நோர்வேயின் கிழக்குக் கோடியிலுள்ள நகரம் அது, இஸ்தான்புல்லைவிடவும் கிழக்கே. 17ஆம் நூற்றாண்டில் சூனியக்காரர் என்று பழி சுமத்திக் கொன்ற 91 பேருக்கு அங்கே கடற்கரையில் நினைவிடம் கட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சிறிய யன்னல், அதில் எரியும் ஒரு விளக்கு. அதை நேரில் பார்க்காமல் வரமாட்டேன்.

மாதத்தைத் தெரிவு செய்வது அதைவிடச் சுலபம், என்ன பார்க்க வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தால். வானத்தில் அரோரா எனப்படும் பச்சை ஒளி வேண்டுமென்றால் செப்டெம்பர் பிற்பகுதி முதல் மார்ச் வரை. அதிலும் நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை நோர்ட்காப் எனப்படும் நோர்வேயின் வடமுனைப் பக்கம் சூரியன் எழும்பவே எழும்பாது. மாமா அந்த இருட்டில் இருந்தவர், அதை மறுபடி பார்க்க அவருக்கு விருப்பமில்லை. ஜூனில் இருட்டே இல்லை. வடமுனையில் மே நடுப்பகுதி முதல் ஜூலை இறுதி வரை சூரியன் மறையாது. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே இவ்வளவு தூரம் போயும் துறைமுகம் உறையாமல் இருப்பதற்கு, அத்திலாந்திக்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டமே காரணம். அதற்காக வெப்பம் என்று நினைத்துவிடக்கூடாது. வர்தோவில் ஜூலையில்கூட சராசரி பத்துப் பாகை அளவுதான்.

2011 ஜூனில் நோர்வேத் தொலைக்காட்சி இந்தப் பயணத்தை பேர்கனிலிருந்து கிர்கெனெஸ் வரை 134 மணி நேரம் இடைவிடாமல் நேரலையாகக் காட்டியது. வேலை முடிந்து வந்து, துண்டு துண்டாக அதைப் பார்ப்பதுதான் சில வாரமாக எனக்குப் பொழுதுபோக்கு. கப்பல் மூக்குக்கு முன்னால் கடல், இரண்டு பக்கமும் மலை, வேறொன்றும் நடக்காது. அப்புறம் ஒரு ஊர் வரும், கரையில் ஆட்கள் கொடி பிடித்துக் கை அசைப்பார்கள். கையில் தேத்தண்ணியோடு பார்க்கத் தொடங்கினால் எழும்ப மனம் வராது. முதல்முறை போகிற எவரும் பணம் கட்டுவதற்கு முன் இதில் ஒரு மணி நேரமாவது பார்க்கவேண்டும். அலுத்துப் போனால் இந்தக் கப்பல் உங்களுக்குச் சரிவராது.

அறை விஷயத்தில் நான் காசை மிச்சம் பிடித்தேன். யன்னல் இல்லாத உள் அறைதான் எடுத்திருக்கிறேன். இரவெல்லாம் வெயில் அடிக்கும் மாதத்தில் நித்திரைக்கு அதுதான் நல்லது, பார்ப்பதற்கு மேல்தளம் இருக்கிறது. ஆனால் அறை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் வேண்டுமென்று கேட்டு வாங்கினேன். பெரும்பாலும் கப்பல் தீவுகளின் மறைவில்தான் ஓடும். ஸ்டாட் முனை, ஹுஸ்டட்விக்கா, வெஸ்ட்பியோர்ட், வடமுனைக்குக் கிழக்கே பாரன்ட்ஸ் கடல் ஆகிய இடங்களில் திறந்த கடலுக்கு வரும். அங்கே ஆட்டம் இருக்கும். நடுவில், கீழே இருந்தால் அது குறைவு. அம்மா பஸ்ஸில் போனாலே தலைசுற்று மாத்திரை போடுகிறவர்.

சாப்பாடு: அம்மா வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடமாட்டார், முன்கூட்டியே எழுதிச் சைவம் கேட்டாயிற்று. உடுப்பு: உள்ளே கம்பளி, நடுவில் இன்னொன்று, மேலே காற்றும் மழையும் புகாத யக்கெற். இங்கே பிரித்தானியக் கடவுச்சீட்டு என்பதால் எங்களுக்கு விசா தேவையில்லை. இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டில் வருபவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும், கோடைக்கு என்றால் வசந்தத்துக்கு முன்பே அலுவலைத் தொடங்கிவிடுங்கள்.

நோர்வேயில் எங்கள் ஆட்களின் கதையே மீனோடுதான் தொடங்குகிறது. 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து போன அன்ரனி இராஜேந்திரம்தான் அங்கே போன முதல் தமிழர் என்பார்கள். பிறகு நோர்வே மக்களின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் சீநோர் என்ற மீன்பிடித் தொழில் நிறுவனத்தைத் தொடங்கியவரும் அவரே. எண்பதுகளில் இளைஞர்கள் அங்குள்ள நாட்டார் உயர்பாடசாலைகளில் (இளைஞர் தங்கிப் படிக்கும் பள்ளிகள்) படிக்கப் போய், வேலை தேடி வடக்கே ஃபின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்கு ஏறினார்கள். மாமாவும் அப்படித்தான். முழங்கால் வரை ரப்பர் சப்பாத்து, கையில் கத்தி, முன்னால் ஓடும் பட்டியில் கொட் மீன். "முள்ளுத் தெரியாமல் சதையை எடுக்க நல்லாப் பழகவேணும்" என்று இன்றைக்கும் அம்மாவின் குசினியில் மீனை வாங்கித் தானே வெட்டுவார். இரண்டு கையால் அல்ல, இரண்டு விரலால் முள்ளைத் தடவிப் பார்த்துவிட்டு ஒரே இழுப்பு. முள்ளில் சதை ஒட்டியிராது.

அதனால் லொஃபோட்டன் தீவுகளில் மாமாவுக்கும் அம்மாவுக்கும் விவாதம் நடக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அங்கே ஜனவரியிலிருந்து வரும் கொட் மீனை உப்பே போடாமல், தலை வெட்டி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரச்சட்டங்களில் குளிர்காற்றில் காயவிடுகிறார்கள். ஜூனில் அவற்றை இறக்கும் காலம். உப்பில்லாமல் கருவாடா என்று அம்மா நம்பவில்லை. ஸ்வொல்வேரில் கப்பல் நிற்கும்போது வாங்கிக் காட்டுவதாக மாமா சவால் விட்டிருக்கிறார்.

பொட்ஸ்பியோர்டில் எங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரமளவுதான், கப்பல் எவருக்காகவும் காத்து நிற்காது. வேறு எந்த நாள் பயணமும் சுற்றுலாவும் நான் பதிவு செய்யவில்லை, இந்த அரை மணிக்கு மட்டும் வரைபடத்தை அச்செடுத்து வைத்திருக்கிறேன். இறங்குதுறையிலிருந்து தொழிற்சாலைப் பக்கம் போக மாமா நினைவிலிருந்து ஒரு கோடு கீறித் தந்தார். அவரோடு வேலை செய்த ஒருவர் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறார், துறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். "கதவு திறந்ததும் நான் முதலாவதாய் இறங்குவன், நீங்கள் பின்னாலை வாங்கோ" என்கிறார் மாமா. அம்மாவின் முழங்காலுக்காக நான் கதவடியில் ஒரு கதிரை கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவேண்டும்.