இரண்டு பிக்சல் விலகல்: பழைய மானிட்டரை லினக்ஸில் சரிசெய்த அனுபவம்

வீட்டில் இரண்டு கணினிகளுக்கு ஒரே மானிட்டர். 1366 × 768 பிக்சல், விஜிஏ இணைப்பு மட்டும் கொண்ட பழைய திரை. மாற்றி மாற்றிப் பயன்படுத்த நடுவில் ஒரு ஸ்விட்ச் பெட்டி வைத்தேன். அன்றிலிருந்து லினக்ஸ் மின்ட் 1024 × 768-ஐத் தாண்ட மறுத்தது. எழுத்துகளெல்லாம் அகலவாக்கில் இழுபட்டுத் தெரிந்தன.

பெட்டியைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகியதும் 1366 × 768 தானாகவே வந்தது. அப்படியானால் டிரைவரில் குறையில்லை. மானிட்டர் தன் அளவுகளை ஈடிஐடி என்ற சிறு தரவாகக் கணினிக்குச் சொல்கிறது. விஜிஏ கேபிளில் அது 12, 15 ஆகிய பின்கள் வழியே போகிறது. என் பெட்டி அதைக் கடத்தவில்லை. தகவல் வராதபோது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னல் 1024 × 768-இல் நின்றுவிடுகிறது.

இதற்குப் பரவலாகச் சொல்லப்படும் வழி, திரையின் நேரக்கணக்கைப் போட்டுத்தரும் சிவிடி கட்டளையில் 1366, 768 என்று கொடுத்து, அது தரும் எண்வரியை (மோட்லைன்) திரை அமைப்பை மாற்றும் எக்ஸ்ரேண்டர் கருவியில் சேர்ப்பது. சேர்த்தேன். திரை அகலமானது; ஆனால் படம் இடப்பக்கம் நகர்ந்து மெனு பொத்தானின் ஓரம் வெட்டுப்பட்டது. வலப்பக்கம் மெல்லிய கறுப்புப் பட்டை. சில இடங்களில் எழுத்து மங்கல். மானிட்டரின் ஆட்டோ பொத்தானை அழுத்தினால் ஓரளவு நகர்ந்தது, மங்கல் போகவில்லை. (ஆட்டோ பொத்தானை அழுத்தும்போது விளிம்புவரை வெளிச்சமான படம் திரையில் இருக்க வேண்டும். கறுப்புப் பின்னணியில் விளிம்பு எங்கே என்று மானிட்டருக்குத் தெரியாது.)

சிவிடி தந்த வரியைக் கூர்ந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதில் இருந்தது 1366 அல்ல, 1368! அந்தக் கணக்கீட்டில் அகலம் எட்டின் மடங்காக இருந்தாக வேண்டும்; 1366 அப்படியில்லை. இரண்டு பிக்சல் கூடியதோடு நேரக்கணக்கும் மாறிவிடுகிறது: பிக்சல் கடிகாரம் 85.25 மெகாஹெர்ட்ஸ், திரையில் தெரியாத இடைவெளியும் சேர்த்து மொத்த அகலம் 1784, கிடைமட்ட ஒத்திசைவுச் சமிக்ஞை எதிர்மறை. விஜிஏ மானிட்டர் இந்த நேரக்கணக்கை வைத்துத்தான் வந்திருப்பது எந்த மோட் (திரை அளவும் அதன் நேரக்கணக்கும்) என்று ஊகிக்கிறது. ஊகம் பிசகினால் படமும் பிசகும்.

சரியான எண்களுக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. மானிட்டரை மீண்டும் நேரடியாக இணைத்து, எக்ஸ்ரேண்டரை, விவரமாகக் காட்டும் வெர்போஸ் விருப்பத்தோடு இயக்கினேன். எல்லாம் வந்தது: கடிகாரம் 85.50, கிடைமட்டம் 1366, 1436, 1579, 1792, செங்குத்து 768, 771, 774, 798, இரு ஒத்திசைவும் நேர்மறை. இதையே மோட்லைனாக எழுதி, பெட்டி வழியே இணைத்து, ஆட்டோ பொத்தானை ஒருமுறை அழுத்தினேன். நான்கு விளிம்பும் கச்சிதமாகப் பொருந்தின. எழுத்துகளின் கூர்மை திரும்பியதைக் கண்டபோது அவ்வளவு மகிழ்ச்சி!

எக்ஸ்ரேண்டரில் செய்தது மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். உள்நுழைந்த பின் இயங்கும் ஸ்கிரிப்டாக வைத்தால் உள்நுழைவுத் திரை கோணலாகவே இருக்கும். அதனால் திரையை வரையும் நிரலான எக்ஸார்க்கின் அமைப்புக் கோப்பில் மானிட்டர் பிரிவில் மோட்லைனை எழுதி, அதையே விருப்பமான மோடாகக் குறித்தேன்.

எக்ஸார்க்குக்குப் பதிலாக வந்த வேலாண்டைப் பயன்படுத்துவோருக்கு இந்த வழி உதவாது. அங்கே எக்ஸ்ரேண்டரால் புதிய மோட் சேர்க்க முடியாது. அவர்கள் மானிட்டர் நேரடியாக இணைந்திருக்கும்போதே அதன் ஈடிஐடி கோப்பை நகலெடுத்து ஃபர்ம்வேர் அடைவில் வைத்து, கெர்னலின் தொடக்க அளவுருவில் அதைச் சுட்டிக்காட்ட வேண்டும்.