பதினோரு பிரேம்

பழைய படங்களை வெட்டி ஒட்டி, வேறு அர்த்தம் வரும்படி ரீமிக்ஸ் செய்வது என் வேலை. நேற்று ராத்திரி ஒரு மணி வரைக்கும் பதினோரு பிரேமோடு, அதாவது படச்சுருளின் பதினோரு தனித்தனிப் படங்களோடு, மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். காப்பிரைட் காலாவதியான பழைய கல்விப் படம் ஒன்று. பல் துலக்குவது எப்படி என்று ஒரு அம்மா சிரித்த முகத்தோடு சொல்லித்தருகிறார், வசனம் முடிகிறது, சிரிப்பு சட்டென்று இறங்கிவிடுகிறது, எப்போதடா 'கட்' சொல்வார்கள் என்று காத்திருக்கிற முகம். அந்த முகம்தான் பதினோரு பிரேம், அரை நொடிகூட வராது. ஒலியை எடுத்துவிட்டு, அதற்கு முன்னால் ஒரு கதவு மூடும் ஷாட்டை வைத்தால் யாரையோ வழியனுப்பிவிட்டு நிற்கிறார். எரியும் வீட்டை வைத்தால், தீ வைத்ததே அவர்தான்!

'அடுத்தவர் எடுத்ததை வெட்டி ஒட்டுவதெல்லாம் ஒரு வேலையா' என்று கேட்பவர்களுக்கு நான் எஸ்ஃபிர் ஷூப் கதையைச் சொல்வேன். ஜார் மன்னர் குடும்பத்துக்காகப் படம்பிடித்த சுருள்களையும் பழைய செய்திப்படங்களையும் வைத்தே, ஜார் ஆட்சி விழுந்த கதையை 1927-ல் முழுநீளப் படமாக்கிய சோவியத் எடிட்டர். அமெரிக்கக் கலைஞர் ஜோசப் கார்னெல் 1936-ல் ஒரு சாகசப் படத்தை வெட்டி, கதையைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெரும்பாலும் கதாநாயகியை மட்டும் வைத்துக்கொண்டார். திரையிட்டபோது ஓவியர் சால்வடார் டாலி 'இது என் மனதில் இருந்த யோசனை' என்று ஆத்திரத்தில் புரொஜெக்டரையே தள்ளிவிட்டாராம். நல்ல ரீமிக்ஸைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் வரும், தள்ளிவிட புரொஜெக்டர் இல்லை, அவ்வளவுதான்.

அப்புறம் எண்பதுகளில் இரண்டு விசிஆரை (வீடியோ கேசட்டில் பதியும் கருவி) வைத்துக்கொண்டு, பிடித்த தொடரின் காட்சிகளைப் பாட்டுக்கு ஏற்றபடி கோத்த ரசிகைகள். ஸ்டாப்வாட்ச் பிடித்து, வரிசையாக ஒவ்வொரு ஷாட்டாகப் பதிய வேண்டும், நடுவில் ஒன்று நீளம் தப்பினால் அதற்குப் பிறகு எல்லாமே போச்சு. எனக்கு அன்டூ பட்டன் இருந்துமே ராத்திரி ஒரு மணி ஆகிறது.

இன்னொருவர் செய்த எடிட்டை அப்படியே எடுத்து, அவர் பெயரைக் கிராப் செய்துவிட்டுப் போடுகிறவர்களும் இதை ரீமிக்ஸ் என்றுதான் சொல்கிறார்கள். அது திருட்டு, அதில் எனக்குக் குழப்பமே இல்லை. ஆனால் போன வருடம் ஒரு படத்திலிருந்து மூன்றே ஷாட் எடுத்து நான் செய்த கேலி வீடியோவையும், வீடியோ தளத்தின் தானியங்கிக் காப்பிரைட் சோதனை அதே கூடையில்தான் போட்டது. பிரேம் ஒத்துப்போகிறதா என்று அதற்குத் தெரியும், எதற்காக எடுத்தேன் என்று தெரியாது. முறையிட்டுத் திரும்பி வருவதற்குள் அந்தக் கேலியே ஆறிப்போயிருந்தது.

சரி, அந்த அம்மா. பன்னிரண்டாவது பிரேமில் இமை மூட ஆரம்பிக்கிறது, அதைச் சேர்த்தால் வெறும் களைப்பாகத் தெரிகிறது, அதனால் பதினொன்றோடு நிறுத்திவிட்டேன். கதவா தீயா என்று இன்னும் முடிவாகவில்லை, இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்து வைத்திருக்கிறேன்.