தோற்ற ஆட்டத்தை அனுப்புங்கள் என்றார் கோச்

தமிழ்ப் பள்ளி வாசலில் யாராவது என்னை ஓரமாகக் கூப்பிட்டால் விஷயம் பெரும்பாலும் இதுதான். "பையன் நல்லா ஆடுறான், காலேஜ்ல எடுத்துப்பாங்களா? இன்ஸ்டாகிராம்ல பக்கம் ஆரம்பிக்கணுமாமே?" என் மூத்தவன் 2025இல் பள்ளி முடித்து, இப்போது ஓஹாயோவில் ஒரு மூன்றாம் டிவிஷன் கல்லூரியில் பாஸ்கெட்பால் ஆடுகிறான் (கல்லூரி விளையாட்டில் மூன்று டிவிஷன்கள், முதலாவதுதான் உச்சம்). அதனால் எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தெரிந்ததை ஒரு முறை எழுதி வைத்துவிடுகிறேன்.

நாங்கள் இருப்பது இண்டியானாபொலிஸுக்கு வடக்கே. பக்கத்து ஊரான வெஸ்ட்ஃபீல்டில் பள்ளியில் ஆடியவர்தான் பர்டூ பல்கலைக்கழகத்தின் பிரேடன் ஸ்மித். உயரம் ஆறடிதான். 2022இல் 'இண்டியானா மிஸ்டர் பாஸ்கெட்பால்' பட்டம் வாங்கினார், பர்டூவில் சேர்ந்தார், வேறெங்கும் மாறாமல் அங்கேயே ஆடி 2025இல் பர்டூ ஆடும் பிக் டென் என்ற கல்லூரிக் கூட்டமைப்பின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். எங்கள் வட்டாரத்தில் ஆறடிப் பையன் இருக்கும் எல்லா வீட்டிலும் இவர் பெயர் அடிபடும். என் மகன் ஆறடி ஒரு அங்குலம், பாயின்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன். என் கணவர் அந்த ஒரு அங்குலத்தை வைத்தே கோட்டை கட்டினார்.

கோட்டைக்கு முன் நிலவரத்தைப் பார்க்க வேண்டும். முதல் டிவிஷனில் கல்லூரிகள் சுமார் 360. மகன் கல்லூரி தேடிய காலத்தில் ஆண்கள் அணி ஒன்றுக்கு 13 உதவித்தொகைதான். அந்தப் பதின்மூன்றுக்கும் பள்ளிப் பையன்கள் மட்டும் போட்டி போடுவதில்லை. வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. 2021இல் முதல் முறை மாறுபவர் ஓராண்டு ஆடாமல் வெளியே உட்கார வேண்டாம் என்றார்கள். 2024 ஏப்ரலில், படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. ஒவ்வொரு வசந்தத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பெயர் கொடுக்கிறார்கள். கல்லூரி ஆட்டத்தில் அடிபட்டுத் தேறிய 22 வயது ஆள் தயாராகக் கிடைக்கும்போது, 17 வயதுப் பையனை எடுத்து வளர்க்க எந்தக் கோச்சுக்குப் பொறுமை இருக்கும்? இதை யாரும் நமக்கு முகத்துக்கு நேரே சொல்வதில்லை. "கீப் வொர்க்கிங்" என்பார்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில், ஜூன் 15ஆம் தேதியிலிருந்துதான் முதல் டிவிஷன் ஆண்கள் அணி கோச்சுகள் பையன்களுக்கு நேரடியாக ஃபோன் செய்யலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம். 2023இல் அந்த நள்ளிரவுக்கு மகனும் நண்பர்களும் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உயரமான ஒருவனுக்கு மட்டும் மணி அடித்தது. என் மகனுக்குக் காலையில் சில மின்னஞ்சல்கள் வந்தன, எல்லாம் கோடைக்கால கேம்ப் அழைப்புகள். கேம்ப் அழைப்பை ஆஃபர், அதாவது அணியில் இடம் தருகிறோம் என்ற வாக்கு, என்று நினைத்துப் பணம் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அது விற்பனைக் கடிதம், அவ்வளவுதான்.

அதன் பிறகுதான் பையன் பெயரை இணையத்தில் பரப்பும் 'பிராண்ட்' பேச்சு வீட்டுக்குள் வந்தது. கல்லூரிகளிடம் பையனை அறிமுகப்படுத்துவதாகச் சொல்லி ஒரு நிறுவனம் ஆயிரக்கணக்கான டாலர் கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு எக்ஸ் தளத்தில் நாங்களே ஒரு கணக்கு ஆரம்பித்தோம். பெயர், உயரம், ஆடும் இடம், பள்ளி முடிக்கும் ஆண்டு, மதிப்பெண் சராசரி, பள்ளிக் கோச்சின் மின்னஞ்சல், ஹடல் தளத்தில் இருக்கும் ஹைலைட் வீடியோவின் இணைப்பு. உண்மையில் தேவையானது இவ்வளவே. மதிப்பெண் சராசரியைப் போட வேண்டாம், 'படிப்ஸ்' மாதிரி இருக்கும் என்று மகன் அடம்பிடித்தான். நான் விடவில்லை. பின்னால் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்காகவே வந்தவை.

மற்றதெல்லாம் அலங்காரம். காசு வாங்கிக்கொண்டு புகை, மின்னல், சிங்கம் எல்லாம் வைத்துப் படம் செய்துகொடுக்கும் பையன்கள் இருக்கிறார்கள். ஆஃபர் வந்தால் "கடவுள் அருளால்" என்று தொடங்கும் ஒரே மாதிரிப் பதிவை எல்லோரும் போடுகிறார்கள். அப்படி அறிவிக்கப்படும் ஆஃபர்களில் பல வாய்வார்த்தைதான், அது யாரையும் கட்டுப்படுத்தாது. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நான் இன்றைக்கே வருகிறேன் என்று சொன்னால் எடுத்துக்கொள்வீர்களா?" இதைக் கேட்டதும் சில குரல்கள் சட்டென்று தணிந்துவிடும்.

ஹைலைட் வீடியோவால் அணிக்குள் ஒரு புகைச்சல் கிளம்பியது. மகன் மூன்று நிமிட வீடியோ வெட்டியிருந்தான். ஒவ்வொரு துண்டும் பந்து அவன் கைக்கு வரும் நொடியில் தொடங்கும். அணியின் சென்டர் பையன், கூடைக்குப் பக்கத்தில் ஆடும் உயரமானவன், குரூப்பில் அதைப் பகிர்ந்து, "நான் போட்ட ஸ்க்ரீன் எல்லாம் எங்கே போச்சு?" என்று கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான், ஆனால் அதற்குக் கீழே வந்த சிரிப்புப் பொம்மைகள் விளையாட்டாக இல்லை. அந்த வாரம் பயிற்சியில் மகனுக்குப் பந்தே சரியாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாத் துண்டுகளையும் திரும்ப வெட்டினான், இரண்டு நொடி முன்னாலிருந்து. இப்போது சென்டர் பையன் வந்து எதிராளியை மறித்து நிற்பது, அதாவது அந்த ஸ்க்ரீன், தெரியும், அவன் தோளை உரசிக்கொண்டு மகன் வெளியே வருவது தெரியும், அப்புறம்தான் பந்து. பதிவில் அவன் கணக்கையும் சேர்த்துப் போட்டான். வீடியோ கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்று என் கணவருக்கு வருத்தம்.

2024 வசந்தத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து மகன் ஆடிவந்தது உள்ளூர்க் கிளப் ஒன்றில். கோச் பகலில் அஞ்சல் துறையில் வேலை பார்ப்பவர், மாலையில் பையன்களுக்குச் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுப்பவர். நைக்கி, அடிடாஸ், அண்டர் ஆர்மர் போன்ற ஷூ நிறுவனங்கள் நடத்தும் கோடைக்காலச் சுற்றுகளில் ஆடும் ஓர் அணி அப்போது மகனைக் கூப்பிட்டது. பத்தாவது ஆளாக. புது ஷூ, பை, பயணச் செலவு எல்லாம் அவர்களுடையது. பெரிய கல்லூரிக் கோச்சுகள் ஜூலையில் வரிசையாக உட்காருவது அந்தச் சுற்றுகளின் ஆட்டங்களில்தான்.

"போகட்டும், கண்ணுல பட்டாதானே எடுப்பாங்க" என்றார் என் கணவர். மகன் ரொம்ப யோசித்துவிட்டு, "அங்க போனா என் பைதாம்மா கோச் கண்ணுல படும், நான் பெஞ்சுல இருப்பேன்" என்றான். கிளப் கோச்சிடம் நானே பேசினேன். போகாதே என்று அவர் சொல்லவில்லை. "ஆட்டத்துக்கு எத்தனை நிமிஷம் தருவாங்கன்னு கேளுங்க. பத்துக்கு மேல சொன்னா அனுப்புங்க" என்றார். கேட்டோம். நேரடிப் பதில் வரவில்லை. மகன் கிளப்பிலேயே இருந்துவிட்டான். இதை விசுவாசம் என்று ஊரில் புகழ்ந்தார்கள். பாதி விசுவாசம், பாதி நிமிடக் கணக்கு. இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்ததில் அவனுக்கு அதிர்ஷ்டம். சாயாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பான் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

ஜூலையில் ஒரு போட்டி வெஸ்ட்ஃபீல்டின் கிராண்ட் பார்க் வளாகத்தில் நடந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஆடுகளங்கள், எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் விசில். கல்லூரிச் சின்னம் போட்ட சட்டையோடு கோச்சுகள் மடக்கு நாற்காலிகளில் இருப்பார்கள். பார்க்கலாம், பேசக் கூடாது என்பது விதி. நாம் வணக்கம் சொன்னால்கூடத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தள்ளிப் போவார்கள். மகன் அணி அன்று மோசமாகத் தோற்றது. முதல் டிவிஷன் சட்டை ஒன்று இடைவேளைக்கு முன்பே எழுந்து போனது. ஓஹாயோக் கல்லூரிக் கோச் கடைசி வரை இருந்தார்.

பிறகு அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஹைலைட் பார்த்துவிட்டேன், ஒரு முழு ஆட்டம் வேண்டும், பள்ளி அணி தோற்ற ஆட்டமாக அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். அனுப்பினோம். ஜூமில் பேசும்போது அந்த வீடியோவை ஓர் இடத்தில் நிறுத்தினார். இரண்டாம் பாதியில் மகனை வெளியே எடுத்த இடம். "கோச் பக்கத்தில் நாற்காலி காலியாக இருக்கிறது. நீ ஏன் மூன்று நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாய்?" கோபத்தில் போனானோ என்று எனக்கே பயம். மகன் வீடியோவைக் கூர்ந்து பார்த்தான். "அங்கே இருக்கிறவன் அடுத்து உள்ளே போகணும். எதிரணி தடுக்கிற முறையை ஸோன் டிஃபென்ஸா மாத்திட்டாங்க, அவனுக்குப் புரியலை. சொல்லிக்கொடுத்தேன்" என்றான். கோச் ஏதோ எழுதிக்கொண்டார். அவன் எக்ஸ் பக்கத்தையும் படித்திருந்தார். "உன் வீடியோவில் எனக்கு உன் சென்டரையும் பிடித்துவிட்டது" என்றார். அந்தச் சென்டர் பையனை அவன் உயரத்துக்காகப் பெரிய கல்லூரி ஒன்று ஏற்கெனவே எடுத்தாயிற்று, அது வேறு கதை.

இதற்கு நடுவில் முதல் டிவிஷன் கல்லூரி ஒன்றின் உதவிக் கோச் வாராவாரம் ஃபோன் செய்துகொண்டிருந்தார். "நீ எங்க ஆளு" என்பார். 'இன்றைக்கே வந்தால் எடுத்துக்கொள்வீர்களா' என்ற அந்தக் கேள்வியைக் கேட்டதும், "வசந்தம் வரை பொறு, போர்ட்டலில் யார் போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும்" என்றார். ஓஹாயோவிலோ நவம்பருக்குள் 'எர்லி டிசிஷன்' முறையில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அது கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டிய விண்ணப்பம். போதாக்குறைக்கு, கையெழுத்துப் போட்டுக் கல்லூரியோடு கட்டிப்போடும் 'நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்ற அறுபதாண்டு வழக்கத்தை 2024 அக்டோபரில் எடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த மாதம் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பையன் பொறுத்திருப்பது விசுவாசமாம், அவர்கள் பொறுத்துப் பார்ப்பது திட்டமிடலாம். மகன் ஓஹாயோவுக்கு விண்ணப்பித்தான். வசந்தத்தில் அந்த முதல் டிவிஷன் கல்லூரி போர்ட்டலிலிருந்து ஒரு கார்டை எடுத்த செய்தியை எக்ஸில்தான் பார்த்தோம். உதவிக் கோச் பிறகு பேசவே இல்லை.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கான உதவித்தொகை கிடையாது. படிப்புக்கான தொகை உண்டு. எனக்கு எச்-1பி வேலை விசா, பிள்ளைகள் அதைச் சார்ந்த எச்-4 விசா. அதனால் அமெரிக்க அரசின் கல்வி உதவி எதுவும் கிடைக்காது. விண்ணப்பிக்கும் முன் கோச் மூலமாக மதிப்பெண் பட்டியலைச் சேர்க்கை அலுவலகத்துக்குக் கொடுத்து, இடம் கிடைக்க வாய்ப்பு உண்டா என்று முன்கூட்டியே பார்க்கச் சொல்லும் 'ப்ரீ-ரீட்' கேட்கலாம், செலவு உத்தேசமாக எவ்வளவு வரும் என்றும் கேட்கலாம். இரண்டையும் கேளுங்கள். ஹைலைட் வீடியோவைவிட எங்கள் குடும்பத்துக்கு உதவியது வேதியியல் மதிப்பெண்தான்.

பிராண்டால் சம்பாதிப்பது பற்றியும் கேட்கிறார்கள். 2021 ஜூலை 1 முதல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் வாங்கலாம். ஐயோவாவில் கெய்ட்லின் கிளார்க் நான்காண்டும் ஒரே அணியில் இருந்துகொண்டே நைக்கி, ஸ்டேட் ஃபார்ம் விளம்பரங்களில் வந்தார். ஒரே அணியில் இருந்தால் பிராண்ட் வளராது என்பவர்களுக்கு நான் காட்டுவது அவரைத்தான். ஆனால் விசாவில் இருப்பவர்கள் கதை வேறு. பர்டூவின் ஜாக் எடி கனடாக்காரர். இரண்டு முறை நாட்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வாகியும் மாணவர் விசாவால் மற்றவர்களைப் போல இங்கே விளம்பரங்களில் நடிக்க முடியவில்லை. எச்-4இல் இருக்கும் பிள்ளைகளுக்கும் வேலை அனுமதி இல்லை. எங்கள் ஊர் பிரியாணிக் கடைக்காரர் மகன் படத்தைக் கடையில் மாட்டி, வாரம் ஒரு பிரியாணி இலவசம் என்று ஆசையாகச் சொன்னார். வழக்கறிஞரிடம் கேட்டேன். படத்துக்குப் பதிலாக எதையும் வாங்காதீர்கள், பிரியாணியாக இருந்தாலும், என்றார். 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவுக்கு மாறினாலும் இதே கதைதான். படம் மட்டும் மாட்டியிருக்கிறது, பிரியாணிக்கு நாங்கள் காசு கொடுத்துவிடுகிறோம்.

கல்லூரி தொடங்குவதற்குள்ளேயே அங்கிருந்த உதவிக் கோச், அதுவரை மகனோடு அதிகம் பேசியவர், வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். இது சாதாரணம். அந்தக் கோச் இல்லாவிட்டாலும் அந்தக் கல்லூரியில் படிப்பாயா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். முதல் ஆண்டில் மகனுக்குச் சில நிமிடங்கள்தான் கிடைத்தன, சில ஆட்டங்களில் அதுவும் இல்லை. சீசன் முடிந்ததும் தலைமைக் கோச் ஒவ்வொருவரையும் தனியாக அழைத்து, அடுத்த ஆண்டும் இருப்பாயா என்று கேட்டார். இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தான். வேறொரு கல்லூரியிலிருந்து ஒரு பாயின்ட் கார்ட் இந்த அணிக்கு மாறி வருகிறார் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரும் இப்போதே ஃபோனில் பேசிக்கொள்கிறார்கள்.