பொந்தியானாக்கும் ரம்பையும்

பழைய மலாய்ப் படங்களில் இந்தியப் பெயர்களைத் தேட ஆரம்பித்து இது ஐந்தாவது மாதம். சனிக்கிழமை காலையில் ஒரு படம். எழுத்து ஓடும்போது நிறுத்தி, ஒவ்வொரு பெயரையும் நோட்டில் எழுதிக்கொள்வேன். அப்புறம்தான் கதை.

முதல் பக்கத்தில் எல். கிருஷ்ணன். சென்னையில் பிறந்தவர். மலாய்த் திரையின் புகழ்பெற்ற நடிகர் பி. ராம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த 'பக்தி' (1950) இவர் இயக்கியதுதான். தலைப்பு நமக்குத் தெரிந்த சொல், ஆனால் மலாயில் அதற்குத் தொண்டு, கடமை என்று பொருள். அந்தப் படம் எடுத்த ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ சிங்கப்பூரின் பாலஸ்டியர் பகுதியில், ஜாலான் அம்பாஸ் 8-ஆம் எண்ணில் இருந்தது. 1947 முதல் 1967 வரை 150-க்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. போன மாதம் அந்தத் தெருவில் நடந்தேன். சின்னத் தெரு, ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. சீன முதலாளி, இந்திய இயக்குநர், மலாய் நடிகர்கள் என்று அத்தனை பேரும் இதற்குள்தான் தினமும் வந்து போனார்கள் என்பதை நினைத்து வாசலிலேயே நின்றுவிட்டேன்.

இந்த மாதம் கிடைத்ததுதான் பெரிய மகிழ்ச்சி. கேத்தே கெரிஸ் என்ற திரைப்பட நிறுவனத்தின் 'பொந்தியானாக்' (1957) பேய்ப் படத்தை இயக்கியவர் பி. என். ராவ். எங்கேயோ கேட்ட பெயராக இருக்கிறதே என்று தேடினால், 1939-இல் தமிழில் வந்த 'ரம்பையின் காதல்' நகைச்சுவைப் படத்தை இயக்கியவரும் இவரே! சாபத்தால் சிலையான ரம்பையைப் பூலோகத்து ஆள் ஒருவனுக்குக் கட்டிவைக்கும் கதை அது. பொந்தியானாக்கோ, பிடரியில் ஆணி அடித்தால் பேய் அழகான பெண்ணாகி மனைவியாக வாழும் என்ற மலாய் நம்பிக்கை. மனிதப் பெண் அல்லாதவள் ஒரு வீட்டுக்கு மனைவியாக வருவது ராவுக்குப் புதிதாகவே இருந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதல் 'பொந்தியானாக்'கின் பிரதி இன்று இல்லை. அது மனத்தை உறுத்துகிறது. சரி, அதே வரிசையில் அவர் எடுத்த 'சும்பா பொந்தியானாக்' (1958) இருக்கிறதே என்று அதைப் போட்டேன். பெரியம்மாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பேய்ப் படத்தை எங்க கம்பத்துல (கிராமத்துல) ரெண்டு மரத்துக்கு நடுவுல துணி கட்டிக் காட்டுனாங்கடா. முடிஞ்சதும் யாரும் எழுந்திருக்கல. வீட்டுக்குப் போற வழியில வாழைத்தோப்பு."

வாழை மரத்தில்தான் பொந்தியானாக் தங்கும் என்பார்கள். கடைசியில் பக்கத்து வீட்டு மலாய் மாமா விளக்கை ஏந்தி முன்னே நடக்க, பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாகப் போனார்களாம். அதை நோட்டில் தனிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை பெரியம்மாவோடு மறுபடியும் 'பக்தி'.