மாடி அறை, 2024

ஜூன் 12, புதன்

மேட்டூர் இன்று திறக்கவில்லை. அணையில் ஐம்பது அடித் தண்ணீர்கூட இல்லை என்பது தெரிந்த விஷயம்தான். இருந்தும் மாமா விடிந்ததும் ரேடியோவைப் போட்டுக் கேட்டார். நமக்குக் குறுவை இல்லை. போர்வெல் வைத்திருப்பவர்கள் மட்டும் நாற்று விட்டிருக்கிறார்கள்.

எங்கள் கூட்டுக் குடித்தனத்தில் மாடி அறையில் இருக்கும் டீச்சர், தண்ணீருக்காக வாளியோடு இறங்கி வந்தார். மறுபடியும்.

ஜூன் 13

தண்ணீர் மோட்டாரை என்றைக்கு யார் போடுவது என்று முறை எழுதி ஒட்டியிருந்த தாளைக் காணோம். யார் கிழித்தது என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 17

தொட்டி மாடிக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறது. கீழே இரண்டு குழாயைத் திறந்தால் போதும், மாடியில் நூல் மாதிரிதான் வரும். காலை ஆறிலிருந்து எட்டு வரை கீழே எல்லாக் குழாயும் ஓடும். தொட்டி காலியானதும் போய் மோட்டார் போட வேண்டியவர் அந்த நேரத்தில் வெளியே கிளம்பியிருப்பார். டீச்சருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி. ஒரு நாளும் முறையிட்டதில்லை. அதனால் அவருக்குக் குறையே இல்லை என்று எல்லோரும் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

தலைமடை வயல்காரர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை. தன் வயலுக்குப் பாய்ச்சிவிட்டு மடையை அடைக்காமல் வீட்டுக்குப் போனால் போதும், கடைமடை காய்ந்துவிடும். இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதை வீட்டுக்குள் புரியவைக்க முடியவில்லையே என்று ராத்திரி முழுக்க ஆற்றாமையாக இருந்தது.

ஜூன் 23, ஞாயிறு

வீட்டுக் கூட்டம். பாதி நேரம் மாமா பேசினார். அந்தக் காலத்தில் ஊரே மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கும், யாரும் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை என்றார். ஊரார் சேர்ந்து வாய்க்காலைச் செப்பனிடும் அந்தக் குடிமராமத்து தானாகவே நடந்தது என்றால் 1858-ல் வெள்ளைக்காரன் அதற்கு ஏன் சட்டம் போட்டான்? வேலைக்கு வராதவரிடம் அந்த வேலையின் மதிப்பைப் போல இரண்டு மடங்கு வசூலிக்கலாம் என்று அதில் இருந்தது. 2017-ல் அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்து பணம் ஒதுக்க வேண்டியிருந்தது. நல்ல மனசு இருந்தால் போதும் என்று மாமா சொல்லும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. நல்ல மனசுக்காரர்கள்தான் இந்த வீட்டில் இருக்கிறோம். தண்ணீர் மேலே ஏறவில்லையே.

மோட்டார் பற்றி முடிவு எதுவும் இல்லை. தயிர் சாதம் நன்றாக இருந்தது.

ஜூன் 30

டீச்சர் இன்று கரையீட்டைப் பற்றிச் சொன்னார். தஞ்சாவூர்ச் சீமையில் சமுதாயக் கிராமம் என்று இருந்த ஊர்களில் நிலம் மிராசுதார்களுக்குப் பொது. சில வருஷத்துக்கு ஒரு முறை பங்கை மாற்றிக்கொள்வார்கள். மேட்டு நிலம் கிடைத்தவருக்கு அடுத்த சுற்றில் பள்ளம் வரும். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் ஒருவர் தலையிலேயே நிரந்தரமாக விழாது.

"அறைகளை அப்படி மாத்திக்கிட்டா என்ன? வருஷத்துக்கு ஒரு தரம், சீட்டுப் போட்டு" என்றார். தனக்காகக் கேட்கிற குரலே இல்லை.

அண்ணி பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அப்புறம், "சாமி அலமாரியைத் தூக்கிக்கிட்டு நான் எங்க போறது?" என்றார்.

ஜூலை 2

ராத்திரி யாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை.

ஜூலை 7

தம்பி மன்னார்குடியில் வாடகை வீடு பார்க்கிறானாம். அவன் மனைவிதான் கொல்லையில் வைத்துச் சொன்னாள், சொல்லிவிட்டு அழுதாள்.

பணத்தால் இல்லை. கணக்கு நோட்டில் ஒரு ரூபாய் பிசகு கிடையாது. அரிசி, காஸ், கரண்ட் பில், எல்லாம் தலைக்கு இவ்வளவு என்று பிரித்தாகிறது. நோட்டில் இல்லாததுதான் வீட்டைத் தின்கிறது. இன்று முற்றத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டது. சித்தி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தென்னை ஈர்க்குக் கட்டால் குத்திக் குத்தி, முடியும் சோறும் டீத்தூளும் கலந்த உருண்டையைக் கையாலேயே வெளியே எடுத்துப் போட்டார். போன மாதமும் சித்திதான். அதற்கு முந்தியும் சித்திதான். அந்த அரை மணி நேரம் எந்தப் பக்கத்தில் எழுதப்படும்? தம்பி மனைவி அடுப்படியில் நிற்பதும் அப்படித்தான். அவள் போகிறேன் என்கிறாள், சித்தி சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஜூலை 8

தலைவலி.

ஜூலை 14

டீச்சர் மேஜையில் எலினார் ஆஸ்ட்ரமின் கட்டுரை. பொதுவில் இருக்கும் தண்ணீரையும் காட்டையும் மக்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்தவர், 2009-ல் நோபல் வாங்கியவர். நீண்ட காலம் நிலைத்த இடங்களில் அவர் கண்டது: விதியை அங்கே இருப்பவர்களே போடுகிறார்கள், அவர்களே கண்காணிக்கிறார்கள், முதல் தப்புக்குச் சின்ன அபராதம்தான். ஸ்பெயினில் வலென்சியாவில் வியாழக்கிழமைதோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு தேவாலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. நடுவர்கள் விவசாயிகள்தான். வாதம் எல்லாம் வாய்ப்பேச்சுதான், தீர்ப்பு அங்கேயே.

இதை வாசித்ததும் எனக்கு நெஞ்சு லேசானது. சண்டை வந்தாலே வீடு உடைந்துவிடும் என்று நாங்கள் நடுங்குகிறோம். அங்கே சண்டைக்கென்று கிழமையும் நேரமும் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள்.

சரி, ஞாயிற்றுக்கிழமை சொல்லிப் பார்க்க வேண்டும். மோட்டாரை மறந்தவர் மறுநாள் சாக்கடை.

ஜூலை 19

கர்நாடகத்தில் கபினி அணை நிரம்பிவிட்டது, இனி மேட்டூருக்குத் தண்ணீர் வரும். மாமா ரேடியோவை விட்டு நகரவில்லை.

ஜூலை 21, ஞாயிறு

அபராதத்துக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். அறை மாற்றத்துக்கு இல்லை. தம்பி வரவே இல்லை.

ஜூலை 22

பாத்திரம் தேய்க்க வரும் அக்கா நேற்றைய பேச்சை எல்லாம் கேட்டிருக்கிறாள். கொல்லையில் வெயிலில் உட்கார்ந்து சட்டியைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க மேல கீழ மாத்திக்கிட்டா எனக்கு என்னங்கம்மா? இந்த எடத்துக்கு ஒரு கூரை போடுங்க."

அங்கேயே நின்றுவிட்டேன். கரையீட்டில் பங்கு மாறியது மிராசுதார்களுக்குள்தான். உழுதவனுக்கும் நட்டவளுக்கும் அதில் சீட்டே கிடையாது. வாய்க்கால் வெட்டியது ஊர் என்கிறோம், மண்வெட்டி யார் கையில் இருந்தது? கூலி கேட்ட இடத்தில் 1968-ல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். இங்கிருந்து அது ரொம்ப தூரமில்லை. அதற்குப் பிறகுதான் சர்வோதயத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள். 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத தலித் பெண்களின் பெயரில் நிலத்தை எழுதிவைத்தார்கள். பெயர் பத்திரத்தில் இருந்தால் பேச்சு வேறு மாதிரி ஆகிறது.

அக்கா நம் கூட்டத்தில் உட்கார வேண்டும். வேலைக்காரியாக இல்லை, இந்த வீட்டுத் தண்ணீரில் அதிக நேரம் கை நனைப்பவளாக.

ஜூலை 23

அண்ணியிடம் சொன்னேன். "அவ உட்கார்ந்தா நான் என்ன பேசுறது?" என்றார். நான் கத்திவிட்டேன். வருத்தமில்லை.

ஜூலை 28, ஞாயிறு

மேட்டூர் திறந்தாயிற்று! மாமா எல்லோருக்கும் காபி போட்டார், அவரே.

ஜூலை 31

கல்லணையும் திறந்தாகிவிட்டது. டீச்சருக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது. இரண்டு நாளாக வாளியைச் சித்தி தூக்கிப் போகிறார்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

வாய்க்காலில் தண்ணீர் இல்லை. வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பில் பிரித்து, பாமணியாறு வழியாக வந்து, நம் ஷட்டரைத் தாண்டி இங்கே சேர இன்னும் சில நாள் ஆகும் என்று ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் சொல்கிறார். குழாயடியில் மஞ்சள் பிடித்துவைத்து, கருகமணியும் காதோலையும் படைத்தோம். மஞ்சள் கயிறு கட்டும்போது அண்ணி முதலில் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிவிட்டார். எதுவும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 5

கூரைக்கு நாலு தகரம், இரண்டு சவுக்குக் கட்டை. தம்பி விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறான். மன்னார்குடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தானா என்று அவன் மனைவிக்கே தெரியவில்லை.

ஞாயிறு சீட்டு. சாமி அலமாரி இருக்கும் அறையை விட்டுவிட்டு மீதி எல்லாவற்றையும் சீட்டில் போடலாம் என்று அண்ணியே சொன்னார். அக்காவை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறோம்.

ஆகஸ்ட் 6

டீச்சரைத் திருவாரூருக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப் போகிறோம். மோட்டார் இன்று என் முறை, போட்டுவிட்டேன்.