பாலத்தைப் பாருங்கள், அப்புறம் எலக்ட்ரானை எண்ணுங்கள்

வேதியியல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) ரிசல்ட் வந்து நான்கு நாள் ஆகிறது. இரண்டாவது முயற்சியில் ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டது. போன முறை மூன்று மார்க்கில் போனது. அன்று பார்ட் சி-யில் ஒரே ஒரு காப்பர் கேள்வியைத் தவறாகப் போட்டேன். வராத 4, கழிந்த 1, ஆக 5 மார்க். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காப்பர் அசிடேட் மோனோஹைட்ரேட்டின் காந்தத் திருப்புத்திறன் கேட்டிருந்தார்கள். காப்பர்(II) என்றால் டி9 (டி ஆர்பிட்டல்களில் 9 எலக்ட்ரான்), ஒரு தனி எலக்ட்ரான், 1.73 பிஎம் (போர் மேக்னடான், இதன் அலகு) என்று போட்டுவிட்டேன். சரியான விடை சுமார் 1.4.

வலித்தது வேறு காரணத்துக்காக. எம்.எஸ்சி. லேபில் கூய் தராசில் (காந்தப்புலத்தில் எடை மாற்றத்தை அளக்கும் தராசு) இதே உப்பை நானே அளந்திருக்கிறேன். காப்பர் சல்பேட் 1.9 பக்கம் வந்தது. கரும்பச்சை அசிடேட் மட்டும் குறைவாகவே வந்தது. குழாயில் பொடி சரியாக இறங்கவில்லை என்று நினைத்து, மேசையில் தட்டித் தட்டி மூன்று முறை நிரப்பினேன். மூன்று முறையும் அதேதான். ரெக்கார்டில் 'சோதனைப் பிழை' என்று எழுதி முடித்தேன். பிழையே இல்லை அது.

இந்த உப்பில் காப்பர் தனியாக இல்லை, இரண்டிரண்டாக இருக்கிறது; நான்கு அசிடேட்டுகள் இரண்டு காப்பரையும் பாலமாகப் பிணைக்கின்றன. இரு முனையிலும் தண்ணீர். காப்பர்–காப்பர் தூரம் சுமார் 2.6 ஆங்ஸ்ட்ராம்தான், ஆனால் அதை வைத்து நேரடிப் பிணைப்பு என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு காப்பரின் தனி எலக்ட்ரான்களும் பெரும்பாலும் அசிடேட் வழியாகவே எதிரெதிராக இணைகின்றன. ஆற்றலில் சிங்லெட் (சுழற்சிகள் எதிரெதிர், காந்தம் இல்லாத நிலை) கீழே, ட்ரிப்லெட் (சுழற்சிகள் ஒரே திசை, காந்தம் உள்ள நிலை) 300 செமீ⁻¹ அளவு மேலே. அறை வெப்பநிலையில் ட்ரிப்லெட்டில் ஒரு பகுதி மூலக்கூறுகள் இருப்பதால்தான் 1.4. குளிர்விக்கக் குளிர்விக்க காந்த ஏற்புத்திறன் 255 கெல்வின் பக்கம் உச்சம் தொட்டு, பிறகு சரியும். 1952-இல் ப்ளீனியும் போவர்ஸும் ஈபிஆர் (தனி எலக்ட்ரான்களைக் காணும் நிறமாலை முறை) வைத்துச் சொன்னது இதுதான். அந்த வளைவைக் கையால் நான்கு தடவை வரையுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- ஹைட்ராக்சோ பால இரட்டைகள்: காப்பர்–ஆக்சிஜன்–காப்பர் கோணம் 97.5 டிகிரிக்குக் கீழே ஃபெர்ரோ (சுழற்சிகள் ஒரே திசை), மேலே எதிர்ஃபெர்ரோ (எதிரெதிர் திசை).
- காப்பர்(I): டி10, தனி எலக்ட்ரான் இல்லை, அதனால் டயாகாந்தம்.
- காப்பர் சல்பேட் பென்டாஹைட்ரேட்: நான்கு தண்ணீர் தளத்தில், அச்சில் சல்பேட் ஆக்சிஜன்கள், ஐந்தாவது தண்ணீர் ஹைட்ரஜன் பிணைப்பில். ஜான்-டெல்லர் நீட்சியை (அச்சுப் பிணைப்புகள் நீள்வது) இங்கிருந்து படியுங்கள்.

குறிப்பெடுத்துப் படிப்பது எனக்கு ஒத்துவராது, படம் வரைந்தால்தான் நிற்கும். இந்த முறை ஹாலில் காப்பர் பெயர் வந்த இடத்திலெல்லாம் முதலில் ஓரத்தில் பாலத்தை வரைந்தேன். எலக்ட்ரானை அதற்கப்புறம்தான் எண்ணினேன்.