பிரஷர் நார்மல், ஆனாலும் கிளாகோமா

"கண் பிரஷர் பார்த்தாச்சு, 16தான் இருக்கு, எனக்கு கிளாகோமா இல்லை" என்று யாராவது நிம்மதியாகச் சொன்னால் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. எனக்கும் 16தான் இருந்தது.

வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி எழுதி வாங்கத்தான் போயிருந்தேன். பாவையை விரிக்க மருந்து விட்டு, கண்ணின் உள்ளே பார்த்த டாக்டர் வலது கண்ணிலேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "உங்க வீட்ல யாருக்காவது கண் நரம்புப் பிரச்சினை இருந்துதா சார்?" என்று கேட்டார். அப்பாவுக்கு இருந்தது. எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும், பக்கத்தில் கிடக்கும் நாற்காலியில்தான் இடித்துக்கொள்வார். வயதாகிவிட்டது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கிளாகோமாவை "கண் பிரஷர்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அது பார்வை நரம்பைத் தாக்கும் நோய். விழித்திரையிலிருந்து மூளைக்குப் போகும் அந்த நரம்பில் ஏறத்தாழ 10 முதல் 12 லட்சம் இழைகள் இருக்கின்றன. அவை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போவதுதான் கிளாகோமா. போன இழை திரும்ப முளைக்காது, போன பார்வையும் திரும்பாது. கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் இதற்கு முக்கியமான காரணம். அதைவிட, காரணங்களிலேயே நம்மால் மாற்ற முடிந்தது அது ஒன்றுதான். வயது, குடும்ப வரலாறு, அதிகமான கிட்டப்பார்வை இதையெல்லாம் யார் மாற்ற முடியும்? அதனால்தான் எல்லா மருந்தும் அழுத்தத்தையே குறிவைக்கின்றன.

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரக்கிறது. பாவை வழியாக முன்னே வந்து, கருவிழியும் (கண்ணின் முன்னே இருக்கும் கண்ணாடி போன்ற படலம்) ஐரிஸும் (பாவையைச் சுற்றியிருக்கும் நிற வளையம்) சேரும் மூலையில் இருக்கிற சல்லடை போன்ற திசு வழியாக வடிந்து ரத்தத்தில் கலந்துவிடுகிறது. சுரக்கும் அளவுக்கு வடியவில்லை என்றால் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருந்தால் நார்மல் என்பார்கள். அது பெரும்பாலானவர்களுக்கு இருக்கும் அளவு, அவ்வளவுதான். 21க்கு மேல் இருந்தும் நரம்பு கெடாதவர்கள் உண்டு. என்னைப் போல 16லேயே நரம்பு தேய்பவர்களும் உண்டு. ஜப்பானில் தஜிமி என்ற ஊரில் மக்களைப் பரிசோதித்து 2004இல் ஒரு ஆய்வு வெளியானது. அங்கே திறந்த கோண கிளாகோமா இருந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு அழுத்தம் 21ஐத் தாண்டவில்லை. எல்லா நாட்டிலும் விகிதம் இவ்வளவு இருக்காது. ஆனால் பிரஷரை மட்டும் பார்த்து ஒருவரை அனுப்பிவிடக் கூடாது என்பதற்கு இது ஒன்றே எனக்குப் போதும்.

அந்த எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. கருவிழி தடிமனாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், மெல்லியதாக இருந்தால் குறைத்துக் காட்டும். கண்ணாடியைக் கழற்ற லேசிக் செய்துகொண்டவர்களுக்குக் கருவிழி மெலிந்திருக்கும். அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். ஒரே நாளுக்குள்ளும் அழுத்தம் ஏறி இறங்கும்.

வகைகளில் அதிகம் காணப்படுவது திறந்த கோண கிளாகோமா. வடிகால் திறந்தே இருக்கும், ஆனால் நீர் சரியாக வடியாது. வலி இல்லை, சிவப்பு இல்லை, ஒன்றும் இல்லை. எனக்கு இருப்பது இதில், அழுத்தம் நார்மலாக இருந்தும் வரும் ஒரு பிரிவு. குழந்தை பிறக்கும்போதே வருவது, அடிபட்டதால் வருவது, சர்க்கரை நோய் முற்றி வருவது என்று இன்னும் உண்டு. ஆனால் எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது மூடிய கோண கிளாகோமா. ஐரிஸ் முன்னால் தள்ளி வடிகாலை அடைத்துவிடும். அழுத்தம் சில மணி நேரத்தில் 40, 50 என்று எகிறும். என் சித்திக்கு அப்படித்தான் ஒரு ராத்திரி வந்தது. பயங்கரத் தலைவலி, ஓயாத வாந்தி. போன இடத்தில் ஒற்றைத் தலைவலி என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிகிறது என்று சித்தி திரும்பத் திரும்பச் சொன்னதை அங்கே யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் கண் டாக்டரிடம் போனபோது அந்தக் கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது. தலைவலி, வாந்தியோடு ஒரு கண் சிவந்து மங்கினால் காலை வரை காத்திருக்க வேண்டாம், உடனே கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? கண்ணை மரத்துப்போக வைத்து, மஞ்சள் சாயம் விட்டு, நீல விளக்கொளியில் கருவிழியை லேசாகத் தொட்டு அழுத்தம் பார்ப்பார்கள். கண்ணாடி பதித்த ஒரு லென்ஸைக் கண்மேல் வைத்து, வடிகால் மூலை திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஓசிடி ஸ்கேன் நரம்பு இழைப் படலத்தின் தடிமனை மைக்ரான் கணக்கில் சொல்லிவிடும். இதெல்லாம் உட்கார்ந்திருந்தால் முடிந்துவிடும். நம்மை வேலை வாங்குவது, பார்வை எவ்வளவு பரப்புக்குத் தெரிகிறது என்று பார்க்கும் ஃபீல்டு டெஸ்ட்தான்.

ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தைப் பதித்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் இருக்கும் விளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புள்ளி வெளிச்சம் மின்னும். தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். வழக்கமாகச் செய்யும் சோதனையில் 54 இடங்கள். போகப் போக வெளிச்சம் மங்கிக்கொண்டே போகும். ஒன்றுமே தெரியாமல் நொடிகள் ஓடும்போது வயிற்றைக் கலக்கும். எனக்குப் பார்வை போயே போய்விட்டது என்று உள்ளங்கை வியர்த்தது. முடிந்தபிறகுதான் டெக்னீஷியன் பெண் சொன்னார்: "நல்ல கண்ணுக்கே பாதிப் புள்ளி தெரியாது சார், மிஷின் அப்படித்தான் செட் பண்ணியிருக்கு." ஒருவருக்குக் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான வெளிச்சம் எது என்று அது தேடுகிறது. அதற்காகத் தெரியாத அளவுக்கும் போய்ப் பார்க்கிறது. இதை முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்! நீங்கள் போகப்போகிறீர்கள் என்றால் நினைவில் வையுங்கள்: தெரியாததற்காகப் பதறி, யூகித்து அழுத்தாதீர்கள். கண்ணை உருட்டித் தேடாதீர்கள். இமைக்கலாம். களைத்தால் நிறுத்தச் சொல்லலாம். முதல் தடவை முடிவு சரியாக வராமல் போவது சகஜம், திரும்ப எடுப்பார்கள்.

என் வலது கண் படத்தில், மூக்குப் பக்கம் மேலே, வில் போல ஒரு கருமை இருந்தது. வீட்டுக்கு வந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்தேன். கருப்பாக எதுவுமே இல்லை. காணாமல் போன இடத்தை மூளை சுற்றியிருப்பதை வைத்து நிரப்பிவிடுகிறது, மற்றொரு கண்ணும் ஈடுகொடுக்கிறது. "எனக்கு நல்லாத்தான் தெரியுது" என்பது இந்த நோயில் எதற்கும் சாட்சி ஆகாது.

அழுத்தம் நார்மலாக இருப்பவருக்கு எதற்கு அழுத்தம் குறைக்கும் மருந்து? நானும் கேட்டேன். 1998இல் வெளியான ஒரு ஆய்வு இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. இருக்கும் அழுத்தத்தையும் 30 சதவீதம் குறைத்தால் நோய் நகரும் வேகம் குறைகிறது. எனக்கு 11க்குள் வைக்க வேண்டும் என்று இலக்கு. லட்டனோபிராஸ்ட், இரவில் ஒரு சொட்டு.

ஒரு சொட்டுதான். அதுவே கண் தாங்குவதைவிட அதிகம். இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். நான் படுத்துக்கொண்டு, கீழ் இமையை இழுத்து, அந்தப் பள்ளத்தில் விடுவேன். பாட்டில் முனை எதிலும் படக் கூடாது. பிறகு கண்ணை மூடி, மூக்கோரம் கண்ணின் உள்மூலையை விரலால் 2 நிமிடம் அழுத்திக்கொள்வேன். அழுத்தாவிட்டால் மருந்து மூக்குக்கும் தொண்டைக்கும் இறங்கி ரத்தத்தில் சேர்ந்துவிடும். டிமோலால் என்ற இன்னொரு கிளாகோமா சொட்டு மருந்து போடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அது இதயத் துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுத்திணறலையே வரவழைக்கும். இரண்டு மருந்து என்றால் இடையில் 5 நிமிடமாவது விடுங்கள். லட்டனோபிராஸ்ட்டால் கண் சிவக்கலாம், இமை முடி நீளமாகும், கண்ணைச் சுற்றித் தோல் கருக்கும். என் தங்கை கவனித்துவிட்டு, "அண்ணா, மை போட்டிருக்கியா?" என்றாள்.

மருந்து போட்டால் பார்வை தெளியாது, விட்டால் உடனே மங்காது. அதனால்தான் பலர் நிறுத்திவிடுகிறார்கள். சொட்டு மருந்து ஒத்துவராது என்றால் வடிகால் திசுவில் லேசர் பாய்ச்சி நீர் நன்றாக வடியவைக்கும் எஸ்எல்டி சிகிச்சையைப் பற்றிக் கேளுங்கள். திறந்த கோண கிளாகோமாவுக்கு முதல் சிகிச்சையாகவே அதைக் கொடுத்துப் பார்த்த பிரிட்டன் ஆய்வு 2019இல் வந்தது. 3 ஆண்டு கழித்தும் நால்வரில் ஏறத்தாழ மூவருக்குச் சொட்டு மருந்து தேவைப்படவில்லை. மூடிய கோணத்துக்கு ஐரிஸில் லேசரால் ஒரு சிறு துளை போடுவார்கள். சித்தியின் நல்ல கண்ணுக்கும் முன்னெச்சரிக்கையாக அதைப் போட்டார்கள். எதுவும் போதவில்லை என்றால், நீர் வடிய புது வழி அமைக்கும் டிராபெகுலெக்டமி அறுவை சிகிச்சை இருக்கிறது. கண்புரை ஆபரேஷன் போலப் பார்வையைத் திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றும்.

எனக்கு உறுதியான அன்றே கூடப்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் வரச் சொன்னார் டாக்டர். தங்கைக்கு நரம்பு நன்றாக இருக்கிறது, ஆண்டுக்கு ஒருமுறை வந்தால் போதும். மகனிடம்தான் நிறைய கேள்வி கேட்டார். அலர்ஜி அரிப்புக்காக அவன் அவ்வப்போது ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போடுவான். பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்: டெக்ஸாமெத்தசோன், ஸ்டீராய்டு. வாரக்கணக்கில் போட்டால் சிலருக்கு அழுத்தம் ஏறும், குடும்பத்தில் கிளாகோமா இருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். அவனுக்கு அழுத்தம் 26 இருந்தது. நிறுத்தி, ஸ்டீராய்டு இல்லாத மருந்துக்கு மாற்றிய பிறகு 17க்கு இறங்கியது. உங்கள் வீட்டிலும் சிவப்புக்கோ அரிப்புக்கோ ஒரு பாட்டில் இருக்கும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்று அதில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். போட்டிருந்தால் டாக்டரைக் கேட்காமல் அடுத்த சொட்டு விடாதீர்கள்.